சிறு சுரங்கங்களில் உடல்நல, சுற்றுச்சூழல் ஆபத்துகளை மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்வெட்டி, கடப்பாரை, ஒரு டீசல் பம்ப், ஒரு அரவை எந்திரம். இவ்வளவை வைத்துக்கொண்டு சில குடும்பங்களோ ஒரு சிறு குழுவோ தங்கம், தகரம், ரத்தினக்கல், கட்டடக் கல் என்று தோண்டியெடுக்கும் இடங்களுக்காக எழுதிய பக்கம் இது. அங்கே போய், மனிதர்களுக்கும் நிலத்துக்கும் நீருக்கும் என்ன கெடுதல் வரக்கூடும் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய சுகாதாரப் பணியாளர்கள், தொண்டு நிறுவனத்தார், கூட்டுறவுச் சங்கத்தினர், அந்தக் குழிகளிலேயே வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு எழும் கேள்விகளை ஒன்றுசேர்த்திருக்கிறேன்.

பெரிய சுரங்கங்களுக்கு ஏற்கெனவே மதிப்பீட்டுப் படிவங்கள் இருக்கின்றனவே, அவற்றையே பயன்படுத்தக் கூடாதா?

பயன்படுத்தலாம், ஆனால் முக்கியமானதைத் தவறவிட்டுவிடுவீர்கள். பெரிய சுரங்கத்தில் வேலையிடம் ஒரு பக்கம், குடியிருப்பு இன்னொரு பக்கம். நடுவே வேலி இருக்கும், உடை மாற்ற அறை இருக்கும், வேலை முடியும் நேரம் என்று ஒன்று இருக்கும். சிறு சுரங்கத்தில் இந்தக் கோடே கிடையாது. தாதுவை வீட்டு முற்றத்தில் உடைக்கிறார்கள். பாதரசத்தை அடுப்பில் சூடாக்குகிறார்கள். தூசி படிந்த சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்குகிறார்கள். பெரிய சுரங்கத்தின் படிவம் தொழிலாளியைப் பற்றிக் கேட்கும். இங்கே முதலில் நோயில் விழுபவர் குழிக்குள் ஒருநாளும் இறங்காதவராக இருக்கலாம்.

உலகம் முழுக்க சுமார் 80 நாடுகளில் 4 கோடிக்கும் அதிகமானோர் இப்படிச் சிறு அளவில் தோண்டிப் பிழைக்கிறார்கள் என்று உலக வங்கி கணித்திருக்கிறது. இத்தனை பேரின் வாழ்க்கையைப் பிறருக்காக எழுதிய படிவத்தில் அடைக்க முடியாது.

ஆபத்து, இடர் என்று இரண்டு சொற்கள் வருகின்றனவே, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. மூடிய டப்பாவில் இருக்கும் பாதரசம் ஆபத்தான பொருள். அதே பாதரசத்தை அடைத்த அறையில் சட்டியில் வைத்துச் சூடாக்கினால், பக்கத்தில் இருப்பவருக்கு அது இடர். பொருள் ஒன்றுதான். அது மனிதரை எட்ட வழி கிடைத்துவிட்டதா என்பதில்தான் வேறுபாடு.

அதனால் எந்த மதிப்பீட்டையும் மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கெடுதல் எங்கிருந்து கிளம்புகிறது? எந்த வழியாகப் போகிறது: காற்றா, தண்ணீரா, உணவா, கையா, உடையா? யாரைப் போய்ச் சேர்கிறது? மூன்றில் ஒன்றை அறுத்தாலும் இடர் குறைந்துவிடும். பல இடங்களில் மூலத்தை அகற்ற முடியாது, ஏனென்றால் அதுதான் பிழைப்பு. ஆனால் வழியை அறுக்க முடியும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

வீட்டிலிருந்து. குழிக்குப் பிறகு போகலாம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010இல் நடந்தது மறக்கக் கூடியதல்ல. அங்கே தங்கத் தாதுவில் ஈயம் மிக அதிகமாகக் கலந்திருந்தது. அதைக் குடியிருப்புக்குள்ளேயே உடைத்து, அரைத்து, கழுவினார்கள். தானியம் அரைக்கும் எந்திரங்களிலேயே தாதுவையும் அரைத்த இடங்கள் உண்டு. ஈயத் தூசி முற்றத்திலும் பாத்திரத்திலும் கிணற்றடியிலும் படிந்தது. சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. முதலில் மலேரியா என்றே எண்ணினார்கள். 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் அங்கே சிகிச்சை தந்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது: முற்றத்து மண்ணை அகற்றாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை, குணமாகி வீடு திரும்பும் குழந்தை மறுபடி அதே மண்ணில்தான் விளையாடும். பகேகா என்ற ஊரில் 2013இல் மண்ணைச் சுத்தம் செய்த பிறகுதான் அங்குள்ள குழந்தைகளுக்கு முழுமையான சிகிச்சை தொடங்கியது.

அந்தக் குழந்தைகளில் யாரும் சுரங்கக் குழிக்குள் போய்ச் சாகவில்லை. மதிப்பீடு செய்யப் போகிறவர் குழியின் ஆழத்தை மட்டும் அளந்துவிட்டு வந்திருந்தால் எதையும் கண்டிருக்க மாட்டார்.

ஆகவே முதலில் கேளுங்கள்: தாதுவை எங்கே உடைக்கிறீர்கள்? எங்கே அரைக்கிறீர்கள்? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? பாதரசம் இருந்தால் இரவில் அது எங்கே இருக்கிறது? வேலை உடையை யார், எந்தத் தண்ணீரில் துவைக்கிறார்கள்? குழந்தைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள்?

முதல் நாள் நேரில் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கருவி எதையும் எடுக்காமல் ஒரு முழு வேலைநாள் கூடவே நடங்கள். கல் குழியிலிருந்து வெளியே வருவதில் தொடங்கி, விற்பனைக்குப் போகிற பொருளாக மாறும் வரை அதன் பின்னாலேயே போங்கள். ஒவ்வொரு படியிலும் நின்று, இங்கே என்ன பறக்கிறது, என்ன வழிகிறது, என்ன கையில் ஒட்டுகிறது என்று பாருங்கள். தொழிலாளர்களோடு உட்கார்ந்து மண்ணில் குச்சியால் ஒரு வரைபடம் போடுங்கள். குழி, அரவை இடம், கழுவும் தொட்டி, கழிவு மேடு, ஓடை, குடிநீர்க் கிணறு, வீடு, பள்ளி, சாப்பிடும் இடம். எது எதற்கு மேட்டில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள். குழியின் மேல் விளிம்பில் புதிதாக விழுந்த விரிசல் தெரிந்தால் அது சரியப் போகிறது. விளிம்பை ஒட்டியே மண்ணைக் குவித்து வைத்திருந்தால் அந்தப் பாரமே சுவரைத் தள்ளும். ஓடையின் கற்களில் செம்பழுப்பாகவோ மஞ்சளாகவோ பூச்சு படிந்திருந்தால் பாறையிலிருந்து அமிலநீர் வருகிறது என்று சந்தேகப்படுங்கள். கழிவு மேட்டில் எதுவுமே முளைக்காமல் மொட்டையாக இருப்பதும் ஒரு செய்தி. இலைகளில் படிந்த தூசி எவ்வளவு தூரம் வரை தெரிகிறது என்று பார்த்தால், எந்த வீடு வரை அது போகிறது என்பதும் புரியும். கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நடக்கிற தூரத்தில் இல்லை என்றால், யாரும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுவதில்லை என்று எழுதிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை என்று இரண்டு முறையாவது போக வேண்டும். வறண்ட நாட்களில் தூசிதான் பிரச்சினை. முதல் பெருமழையில் அதுவரை சேர்ந்த எல்லாம் ஒரே அடியாக ஓடைக்குப் போகும்.

உடனே உயிரை எடுக்கக்கூடியவை எவை?

மண் சரிவும் காற்றும்.

சரிவைப் பற்றிப் பலருக்குத் தெரியும், ஆனாலும் செங்குத்தாக வெட்டுவார்கள். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும். மார்பு வரை புதைந்தாலே மூச்சு விட முடியாது. படிப்படியாக வெட்டுவதும், குவித்த மண்ணை விளிம்பிலிருந்து தள்ளி வைப்பதும், மழைக்கு மறுநாள் இறங்காமல் இருப்பதும் செலவில்லாதவை. மதிப்பீட்டில் விரிசல் விழுந்த குழியைக் கண்டால் அறிக்கை எழுதும் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆட்களை மேலே வரச் சொல்லுங்கள்.

காற்றைப் பற்றித் தவறான நம்பிக்கைகள் நிறைய உண்டு. ஆழமான, குறுகிய குழியில் ஆக்சிஜன் குறைந்துபோகலாம். சாதாரணக் காற்றில் அது 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் அந்த இடத்தை ஆக்சிஜன் குறைந்த இடமாகவே கருத வேண்டும். கார்பன் டைஆக்சைடு காற்றைவிடக் கனமானதால் அடியில் தேங்கும். அதைவிட மோசமான பழக்கம், தண்ணீர் இறைக்கிற பெட்ரோல் பம்பைக் குழிக்குள்ளேயே இறக்கி ஓட்டுவது. அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்தால் போதும் என்கிறார்களே?

போதாது. ஆக்சிஜன் மிகவும் குறைந்த பிறகுதான் சுடர் அணையும். கார்பன் மோனாக்சைடு இருந்தால் சுடர் அணையவே அணையாது, ஆள்தான் விழுவார். மீத்தேன் சேர்ந்திருந்தால் சுடர் பட்டு அந்த வாயுவே வெடிக்கும். நான்கு வாயுக்களைக் காட்டும் கைக்கருவி ஒன்றை ஒரு கூட்டுறவுச் சங்கம் பொதுவாக வாங்கி வைப்பதை முதல் செலவாக வைக்கலாம். அது வரும் வரை, எந்திரம் எப்போதும் மேலேதான் ஓட வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் அப்படியே குதிக்கக் கூடாது. மூச்சடைத்து நடக்கிற விபத்துகளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறப்பவர்கள் காப்பாற்றப் போனவர்கள்தான்.

தூசியில் என்ன அவ்வளவு ஆபத்து? காலம் காலமாகத் தூசியில்தானே வேலை செய்கிறார்கள்?

காலம் காலமாக அதனால்தான் நுரையீரல் கெட்டு இறந்திருக்கிறார்கள். வேறு பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

குவார்ட்ஸ் கலந்த எந்தக் கல்லை உடைத்தாலும் சிலிக்கா தூசி வரும். கண்ணுக்குத் தெரிகிற புழுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். 4 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் உள்ள நுண்ணறைகள் வரை போய்த் தங்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அது தங்கிய இடம் தழும்பாகிக் கெட்டிப்படும். இதுதான் சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது வளர்ந்துகொண்டே போகலாம். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடுகிறது. இரண்டுக்கும் இருமல், இளைப்பு, எடை குறைவு என்று அறிகுறிகள் ஒரே மாதிரி இருப்பதால், சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் மாத்திரையே திரும்பத் திரும்பத் தரப்படுவது உண்டு. அதனால் சுகாதாரப் பணியாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நீங்கள் எத்தனை வருடமாகக் கல் உடைக்கிறீர்கள்?

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு 2016இல் வைத்த வரம்பு, எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா. இந்த அளவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே கண்ணெதிரே தூசி மேகமாக எழும்புகிற இடத்தில் வரம்பு தாண்டியதா என்று அளந்து பார்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்கச் செலவாகும் பணத்தைத் தண்ணீர்க் குழாய்க்குச் செலவழியுங்கள்.

முகமூடி கொடுத்துவிட்டால் தூசிப் பிரச்சினை தீருமா?

தீராது. துணி முகமூடி இந்த நுண்துகள்களைத் தடுப்பதில்லை. என்95 போன்ற வடிகட்டும் முகமூடி உதவும், ஆனால் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும், தாடி இருந்தால் பொருந்தாது, வியர்த்து நனைந்தால் மூச்சு முட்டும், அடிக்கடி மாற்ற வேண்டும். வெயிலில் கல் சுமக்கிறவரை நாள் முழுக்க அதைப் போட்டிருக்கச் சொல்வது எளிது, போட்டிருப்பது கடினம்.

முதலில் தூசியே எழாமல் செய்யப் பாருங்கள். துளையிடும்போதும் அரைக்கும்போதும் தண்ணீர் விடுவதுதான் மிகப் பெரிய மாற்றம். அடுத்தது அரவை எந்திரத்தை மூடுவது, அதைக் காற்று போகும் திசையில், வீடுகளுக்கு அப்பால் நகர்த்துவது. அதற்கும் பிறகு, வேலை நேரத்தைப் பிரித்துக்கொள்வது. இவ்வளவையும் செய்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் முகமூடி. முகமூடியை மட்டும் பரிந்துரைத்து முடிகிற அறிக்கை, பாதுகாப்பின் முழுப் பாரத்தையும் தொழிலாளியின் முகத்தில் கட்டிவிடுகிறது.

பாதரசம் பயன்படுத்தும் தங்கச் சுரங்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரைத்த தாதுவில் பாதரசத்தைக் கலந்தால் தங்கத் துகள்கள் அதோடு ஒட்டி ரசக்கலவையாகத் திரளும். அதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய்த் தங்கம் மிஞ்சும். பாதரசம் கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில், ஆனால் சாதாரண அறை வெப்பத்திலேயே அது மெல்ல ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். ஆவிக்கு வாசனை இல்லை. மூச்சில் இழுத்த ஆவியில் சுமார் 80 சதவீதம் உடலில் தங்கிவிடும். அதே பாதரசத்தைத் திரவமாகத் தெரியாமல் விழுங்கினால் மிகமிகக் கொஞ்சமே உடலில் சேரும். கையில் தொடுவதைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்கள், புகையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பெரிய ஆபத்து புகையில் இருக்கிறது.

மனிதர் காற்றில் கலக்கவிடும் பாதரசத்தில் சுமார் 38 சதவீதம் சிறு அளவிலான தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2015ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துக் கணக்கிட்டது. வேறு எந்த ஒரு தொழிலும் இவ்வளவு விடுவதில்லை.

நான்கு பழக்கங்களை, பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை தனியாகச் சுட்டிக்காட்டி, அவற்றை ஒழிக்க வேண்டும் என்கிறது. இந்த உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நான்கு: தாது முழுவதிலும் பாதரசத்தைக் கொட்டிக் கலப்பது, ரசக்கலவையைத் திறந்தவெளியில் எரிப்பது, குடியிருப்புப் பகுதியில் எரிப்பது, பாதரசம் கலந்த கழிவிலிருந்து முதலில் அதை நீக்காமல், தங்கத்தைக் கரைத்தெடுக்கும் நச்சு வேதிப்பொருளான சயனைடை ஊற்றுவது. மதிப்பீட்டின்போது இந்த நான்கில் எது நடக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தாது முழுவதிலும் கலக்கும் இடத்தில் பாதரசத்தின் பெரும்பகுதி கழிவுச் சேற்றோடு போய்விடும். தாதுவைத் தண்ணீரில் அலசி, கனமான பகுதியை மட்டும் பிரித்து அதில் கலந்தாலே செலவும் நஞ்சும் பல மடங்கு குறையும். இதைச் சொல்லும்போது தொழிலாளர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள், ஏனென்றால் பாதரசம் அவர்கள் கைக்காசு.

தங்கம் வாங்கும் கடையையும் மறக்காதீர்கள். திறந்த நெருப்பில் எரித்து எடுத்த தங்கத்தில் இன்னும் சில சதவீதம் பாதரசம் இருக்கும். கடைக்காரர் அதை உருக்கும்போது மிச்சமும் ஆவியாகி, அந்தத் தெருவுக்கே போகும். சுரங்கத்திலிருந்து எத்தனையோ தூரத்தில், பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைச் சுவாசிக்கிறார்கள்.

மூடிய வாலையில் எரித்தால் பாதுகாப்புதானே?

நிச்சயமாக மேம்பாடு. ஆவியைக் குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கும் வாலை சரியாக வேலை செய்தால் 90 சதவீதத்துக்கும் மேல் பாதரசத்தை மீட்கலாம். ஆனால் மூட்டுகளில் கசிவு இருந்தாலோ, சூடு ஆறும் முன் திறந்தாலோ, ஒரே மூச்சில் நிறைய ஆவி முகத்தில் அடிக்கும். வாலை இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அதை இயக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். திறந்தவெளியில், வீடுகளிலிருந்து தள்ளி வைத்துத்தான் அதையும் பயன்படுத்த வேண்டும்.

பாதரசமே இல்லாத வழியும் உண்டு. பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் சிறு சுரங்கக்காரர்கள் பல பத்தாண்டுகளாக, அலசிச் செறிவூட்டிய தாதுவை வெண்காரத்தோடு (போராக்ஸ்) சேர்த்து உருக்கித் தங்கம் எடுக்கிறார்கள். எல்லாத் தாதுவுக்கும் இது ஒத்துவராது. ஆனால் ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்காமலே பாதரசத்தைத் தொடர்வதை நான் ஏற்க மாட்டேன்.

சயனைடு?

காரத்தன்மை காப்பாற்றப்படும் வரை அது கரைசலில் இருக்கும். பி.எச். அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 9க்குப் பக்கத்தில் இறங்கத் தொடங்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகக் கிளம்பும், அது நிமிடங்களில் கொல்லும். அதனால் தொட்டியில் பி.எச். 10க்கு மேல் இருக்க வேண்டும். அமிலப் பாத்திரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, மழைநீர் தொட்டிக்குள் வருமா, தொட்டி நிரம்பி வழிந்தால் எங்கே போகும் என்று பாருங்கள். பாதரசக் கழிவின் மேல் சயனைடு ஊற்றினால் பாதரசம் கரைந்து தண்ணீரோடு நெடுந்தூரம் பயணிக்கும். மேலே சொன்ன நான்காவது பழக்கத்தைத் தனியாகக் குறித்ததற்குக் காரணம் இதுதான்.

பாதரசமோ சயனைடோ பயன்படுத்தாத சுரங்கத்தில் நச்சுப் பிரச்சினை இருக்காது அல்லவா?

இருக்கலாம். நாம் கொண்டுவந்து சேர்க்கும் நஞ்சு ஒரு வகை, பாறையிலேயே இருப்பது இன்னொரு வகை. சம்ஃபாராவில் கொன்றது தாதுவில் இருந்த ஈயம். தங்கத்தோடு ஆர்சனோபைரைட் என்ற தாது சேர்ந்து கிடைப்பது வழக்கம், அதில் ஆர்செனிக் இருக்கிறது. தகரமோ டான்டலம் என்ற உலோகமோ தேடும் இடங்களிலும் கனமான கடல்மணல் அலசும் இடங்களிலும் கதிர்வீச்சுள்ள தோரியம், யுரேனியம் கலந்த கழிவு சேரலாம். சில பாறைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நாரிழைகள் இருக்கும். ஆகவே தோண்டுகிற பாறையின் மாதிரியை ஒரு முறையாவது ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் என்னென்ன உலோகங்கள் உள்ளன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு சோதனைக்குச் செலவழிப்பது வீண் போகவே போகாது. வேறு இடத்தில் புதிய குழி தோண்டினால் மறுபடியும் அனுப்ப வேண்டும்.

தண்ணீர் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து எதையும் சொல்ல முடியாது. சுரங்கத்துக்கு மேலே ஓடை வருகிற இடத்தில் ஒன்று, கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே ஒன்று, இன்னும் கீழே மக்கள் எடுக்கிற இடத்தில் ஒன்று என்று எடுங்கள். மேலே எடுத்ததுதான் ஒப்பிட உதவும். அது இல்லாவிட்டால், அந்த மண்ணில் இயல்பாகவே ஆர்செனிக் இருந்ததா, சுரங்கத்தால் வந்ததா என்ற வாதம் முடிவே காணாது.

உலோகச் சோதனைக்கான மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சயனைடு மாதிரிக்கு நேர்மாறாக, காரம் சேர்க்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் முடிவு கெடுவதோடு, சயனைடு பாட்டிலில் அமிலம் விழுந்தால் நச்சு வாயுவும் வரும். எந்தப் பாட்டிலில் எது என்பதை ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேட்டு, ஒட்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டி அளவுகள்: லிட்டருக்கு ஆர்செனிக் 10 மைக்ரோகிராம், ஈயம் 10, காட்மியம் 3, கனிமப் பாதரசம் 6, யுரேனியம் 30. இவற்றைத் தாண்டிய தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து திருத்துங்கள். கொதித்தால் கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

அமிலநீரைப் பற்றி ஒரு வார்த்தை. பைரைட் போன்ற கந்தகத் தாதுக்கள் காற்றும் நீரும் படும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அது பாறையிலிருந்து மற்ற உலோகங்களையும் கரைத்துக் கொண்டுவரும். பி.எச். காகிதத்தில் 4க்குக் கீழே காட்டினால் மீன் வாழாது. தோண்டுவது நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் இது ஓடிக்கொண்டே இருக்கும்.

மீனைச் சாப்பிடலாமா?

ஓடையின் அடிச்சேற்றில் உள்ள பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில்பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு உயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறஏறச் செறிவு கூடும். மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீன்களில்தான் அதிகம். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதலில் இதைச் சொல்லுங்கள், கருவின் மூளைதான் மெத்தில்பாதரசத்தால் அதிகம் பாதிக்கப்படுகிறது. ஆனால் மீனை முற்றிலும் விடச் சொல்ல வேண்டாம். பல குடும்பங்களுக்கு வேறு புரதமே இல்லை. செடி, பூச்சி தின்னும் சிறிய மீன்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நடைமுறைக்கு உகந்தது.

மக்களின் உடலில் நஞ்சு சேர்ந்திருக்கிறதா என்று எந்தச் சோதனையில் தெரியும்?

நஞ்சுக்குத் தக்க சோதனை. பாதரச ஆவிக்குச் சிறுநீர். மீன் வழியாக வரும் மெத்தில்பாதரசத்துக்குத் தலைமுடி அல்லது ரத்தம். ஈயத்துக்கு ரத்தம். அண்மையில் உடலில் சேர்ந்த ஆர்செனிக்குக்குச் சிறுநீர். இதை மாற்றிச் செய்து, தலைமுடியைச் சோதித்துவிட்டு ஆவியால் பாதிப்பில்லை என்று அறிவிப்பது பெரிய தவறு.

ஈயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது.

உடல் அறிகுறிகளையும் கேளுங்கள். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், ஞாபக மறதி ஆகியவை பாதரசத்தில் வருபவை. ஒரு கோடு போடவோ, கையெழுத்துப் போடவோ சொன்னால் நடுக்கம் தெரிந்துவிடும். உள்ளங்கைத் தோல் தடித்துப் புள்ளி விழுந்திருந்தால் ஆர்செனிக்கை நினையுங்கள்.

குழந்தைகள் வேலை செய்யாமல் பக்கத்தில் விளையாடினாலும் பிரச்சினை உண்டா?

உண்டு. கையை வாயில் வைப்பதும் மண்ணைத் தின்பதும் குழந்தைகளின் இயல்பு. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். வேலையைப் பொறுத்தவரை, சுரங்கத்தில் குழந்தைகளை நிலத்தடியில் இறக்குவதையும் நச்சுப் பொருளோடு பழகவிடுவதையும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கை மிக மோசமான குழந்தை உழைப்பில் சேர்க்க இடம் தருகிறது. 2020இல் அந்த அமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுவிட்டன. கல் உடைக்கும், அலசும் வேலைகளில் பெண்களே அதிகம் இருக்கிறார்கள். முதுகில் குழந்தையோடு செய்கிறார்கள். அந்தக் குழந்தையைத் தொழிலாளியாக யாரும் எண்ணிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் சேருங்கள்.

சத்தம், வெப்பம், கொசு போன்றவையும் பட்டியலில் வருமா?

வரும். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும். அந்த அளவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நாள்தோறும் இருந்தால் செவி கெடும். கைவிட்ட குழிகளில் தேங்கும் நீர் கொசுக்களுக்கு வீடு. வெப்பத்துக்கு நிழலும் குடிநீரும். கழிப்பறை இல்லாத இடத்தில் வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வரும்.

கருவி வாங்கப் பணமில்லை. மதிப்பீடு செய்யவே முடியாதா?

முக்கால்வாசி முடியும். பி.எச். காகிதம், அளக்கும் நாடா, கண்ணாடி பாட்டில், கைப்பேசி கேமரா, ஒரு நோட்டு. ஈர வெள்ளைத் துணியால் வீட்டுக்குள் பாத்திரம் வைக்கும் பலகையைத் துடைத்துப் பார்த்தால் தாதுத் தூசி அங்கே வரை வருகிறதா என்று தெரியும். பாட்டிலில் எடுத்த ஓடைநீரை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படிந்த சேற்றின் உயரத்தை, சுரங்கத்துக்கு மேலே ஓடையில் எடுத்த நீரோடு ஒப்பிடலாம். மண்ணில் ஈயம் பார்க்கும் கையடக்க எக்ஸ்ரே கருவி விலை அதிகம், பல்கலைக்கழகங்களிடம் ஒரு நாளுக்கு இரவல் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். எப்படிப் போடுவது?

நிகழும் வாய்ப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து, விளைவின் கடுமைக்கு ஒன்றிலிருந்து ஐந்து, இரண்டையும் பெருக்குவது வழக்கமான முறை. பேச்சைத் தொடங்க நல்லது. ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது: பத்து வருடம் கழித்து வரும் சிலிக்கோசிஸுக்கு, இந்த வருடம் யாருக்கும் வரவில்லையே என்று குறைந்த மதிப்பெண் போட்டுவிடுவார்கள். குழந்தையின் மூளைக்கு ஏற்படும் சேதம் வெளியே தெரியாது, அதற்கும் அப்படியே. அதனால் பெருக்கல் தொகைக்குப் பக்கத்தில், இது திரும்பச் சரியாகுமா என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியாகாது என்று பதில் வந்தால், தொகை என்னவாக இருந்தாலும் அதை மேலே கொண்டுவாருங்கள்.

தொழிலாளர்கள் உண்மையைச் சொல்ல மறுத்தால்?

உரிமம் இல்லாமல் தோண்டுபவர்கள், சொன்னால் துரத்திவிடுவார்கள் என்று பயப்படுவது நியாயம்தான். நீங்கள் எழுதுவது யார் கைக்குப் போகும் என்று முதலிலேயே நேர்மையாகச் சொல்லுங்கள். பெயர் எழுதாதீர்கள். பாதரசம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்பதைவிட, ஒரு கிலோ எத்தனை நாள் வருகிறது என்று கேட்டால் பதில் எளிதாக வரும். பெண்களிடம் பெண்கள் தனியாகப் பேசட்டும், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இனி மதிப்பீடு வேண்டாமே?

கழிவு மேடும் குழியும் அங்கேதான் இருக்கின்றன. மேட்டு மண்ணை வீடு கட்டவும் பாதை போடவும் யாராவது அள்ளிப்போகிறார்களா என்று விசாரியுங்கள். ஈயமும் ஆர்செனிக்கும் அப்படித்தான் புதிய வீடுகளுக்குப் போகின்றன. நீர் நிறைந்த குழியில் நீச்சலடிக்கப் போகும் சிறுவர்களுக்காகக் குழியை மூடவோ வேலியிடவோ வேண்டும்.

முடிவுகளை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?

யாருடைய ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்தோமோ அவரிடம், தனியாக. மாதிரி எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்றால், அடுத்து வருபவருக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள். எண்ணை மட்டும் சொல்லாமல், இன்று இரவே செய்யக்கூடிய ஒன்றையாவது சேர்த்துச் சொல்லுங்கள். பாதரச டப்பாவைப் படுக்கும் அறையிலிருந்து வெளியே வைப்பது. வேலை உடையை வாசலுக்கு வெளியே கழற்றித் தனியாகத் துவைப்பது. முற்றத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்து வழிப்பது. மீதி ஆய்வக அறிக்கை வரும்போது நீங்களும் வருவீர்கள் என்று ஒரு தேதி சொல்லுங்கள், அந்தத் தேதியில் போய்ச் சேருங்கள்.